பெப்ரவரி 29

பெப்ரவரி 29 கிரெகொரியின் நாட்காட்டியில் நெட்டாண்டுகளில் மட்டும் வரும் நாளாகும். இது அவ்வாண்டின் 60 ஆவது நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 306 நாட்கள் உள்ளன.

காரணம்

பருவங்கள் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 365.2422 நாட்கள் ஆகின்றன. எஞ்சும் பகுதியை ஈடுசெய்ய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் சேர்க்கப்படுகிறது. இல்லையெனில் நூறு ஆண்டுகளில் நாட்காட்டி பருவங்களிலிருந்து ஏறத்தாழ 24 நாட்கள் விலகிவிடும். எச்சம் முழுக் கால் நாளைவிடச் சிறிது குறைவு என்பதால், 100 ஆல் வகுபட்டு 400 ஆல் வகுபடாத ஆண்டுகளில் இந்நாள் இல்லை. 1900 இல் இது வரவில்லை. 2000 இல் வந்தது.

நிகழ்வுகள்

1504 - ஜமேக்காவில் உணவின்றித் தவித்த கொலம்பசு, சந்திர கிரகணத்தை முன்கூட்டியே அறிவித்து, அங்குள்ள மக்களை அச்சுறுத்தி உணவு பெற்றார்.
1940 - ஹாட்டி மெக்டானியல் ஆஸ்கார் விருது பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்.
1960 - மொரோக்கோவின் அகாதிர் நகரில் இடம்பெற்ற நிலநடுக்கத்தில் 12,000 இற்கும் அதிகமானோர் இறந்தனர்.

பிறப்புகள்

1896 - மொரார்ஜி தேசாய், இந்தியப் பிரதமர் (இ. 1995)
1904 - ருக்மிணி தேவி அருண்டேல், பரதநாட்டியக் கலைஞர், கலாசேத்திராவை நிறுவியவர் (இ. 1986)

1900 நெட்டாண்டு அல்லாததால், தேசாயின் பிறந்த தேதி எட்டு ஆண்டுகளின் பின்னரே மீண்டும் வந்தது. ருக்மிணி தேவி பிறந்தது அதே நாளில்தான்.

சிறப்பு நாள்

அரிய நோய் நாள் - 2008 இல் இந்நாளில் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அரிதாக வரும் நாள் என்பதாலேயே இது தெரிவு செய்யப்பட்டது. ஏனைய ஆண்டுகளில் பெப்ரவரி 28 இல் நினைவுகூரப்படுகிறது.
அயர்லாந்து மரபில், பெண்கள் ஆண்களிடம் திருமண விருப்பத்தைத் தெரிவிக்கும் நாள்.