உறைந்த ஏரியில் தூண்டில் நரம்பு ஏன் விறைக்கிறது?

கனடாவின் டொரொன்டோ நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சிம்கோ ஏரி உறைந்ததும் நண்பர்களோடு போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்போம். கடையில் சாதாரண தங்கூசி நரம்பும் இருக்கிறது, 'ஐஸ் லைன்' என்று அச்சிட்ட சின்னச் சுருளும் இருக்கிறது. பின்னதற்கு நீளம் குறைவு, விலை அதிகம். எந்தக் குளிரிலும் விறைக்காது என்கிறது அட்டை. நம்பலாமா?"

'எந்தக் குளிரிலும்' என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவிடலாம். தங்கூசி என்பது நைலான் நரம்புதான். நைலான் நரம்பு எதுவானாலும் ஏதாவதொரு குளிரில் விறைத்தே தீரும். அந்தக் குளிர் எத்தனை டிகிரி என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நரம்புக்குள் புகுந்திருக்கும் தண்ணீர், நரம்பின் தடிமன்.

குளிர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். வெளியே மைனஸ் 20 டிகிரி அடித்தாலும், பனிக்கட்டியை ஒட்டிய தண்ணீர் பூஜ்ஜிய டிகிரியில் நிற்கிறது. ஏரியின் அடி 4 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே தண்ணீருக்குள் தொங்கும் நரம்புக்கு ஆபத்தில்லை. துளைக்கு மேலே, ரீலுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே இருக்கும் ஒரு கை நீளம்தான் தொல்லை தருகிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இழை சில நொடிகளில் காற்றின் குளிரை அடைந்துவிடும். விறைத்த நரம்பு ரீலில் சுற்றிக் கிடந்த வடிவத்திலேயே சுருள் சுருளாக இறங்கும். அதன் நுனியில் தொங்கும் ஓரிரு கிராம் பொய்யிரையால் அந்தச் சுருளை நிமிர்த்த முடியாது. மஞ்சள் பெர்ச் மீன் மெல்லக் கவ்விப் பார்த்து விட்டுவிடும். அந்தச் சிறு இழுப்பைச் சுருள்கள் விழுங்கிவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது.

இனி நைலானின் உள்ளே போவோம். நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளும், தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் பகுதிகளும் ஒரே இழையில் கலந்திருக்கின்றன. வளைவதும் நெளிவதும் இந்தத் தாறுமாறான பகுதிகளில் நடக்கும் வேலை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலே அங்குள்ள சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதற்குக் கீழே நின்ற இடத்தில் உறைந்து நிற்கும். இதைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்கிறார்கள். நன்றாக உலர்ந்த நைலானுக்கு அது ஏறத்தாழ 50 டிகிரி. அதாவது உலர்ந்த நைலான் சென்னை வெயிலில்கூடப் பாதி விறைத்த பொருள்தான். அதே நைலான் தண்ணீரை முழுமையாகக் குடித்தால் இந்த எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக்கின் குணத்தை வெறும் தண்ணீர் இத்தனை டிகிரி நகர்த்துகிறது என்பது எனக்கு எப்போது படித்தாலும் வியப்பைத் தருகிறது.

பொரித்த அப்பளம் மழைக்காலத்தில் நமுத்துப் போகிறதே, அதே கதைதான் இது. அப்பள மாவு பிசைந்த ஈரத்தில் இஷ்டப்படி வளையும். வெயிலில் காய்ந்தால் விறைக்கும். எண்ணெயில் போட்டு மிச்ச ஈரத்தையும் விரட்டினால் மொறுமொறுக்கும். திறந்த டப்பாவில் ஓர் இரவு கிடந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து மறுபடி துவளும். உளுந்தின் மாவுச்சத்தும் புரதமும் உலர்ந்தபோது கண்ணாடி நிலையில் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்ததும் சங்கிலிகள் நழுவத் தொடங்குகின்றன. உறவு இதோடு நிற்கவில்லை. உளுந்துப் புரதத்தின் சங்கிலியைக் கோத்திருக்கும் அதே அமைடு பிணைப்புதான் நைலானையும் கோத்திருக்கிறது. அடுத்தடுத்த சங்கிலிகளின் அமைடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறு நடுவே நுழைந்து, அந்தக் கைகளைப் பிரித்துத் தன் கையைக் கொடுக்கிறது. கனடாவில் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் காற்று மிகவும் வறண்டது. அங்கே அலமாரியில் கிடந்த நரம்பு, எண்ணெயிலிருந்து எடுத்த அப்பளம். இரவு முழுக்க நீரில் ஊறிய நரம்பு, நமுத்த அப்பளம். நமுத்ததை ஃப்ரீசரில் வைத்தால் திரும்பவும் விறைக்கும். ஊறிய நரம்பும் மைனஸ் 30 டிகிரியில் அப்படித்தான். தண்ணீர் அந்த எல்லையைக் கீழே தள்ளுகிறது, அழிப்பதில்லை.

நைலான் தன் எடையில் 8 முதல் 9 விழுக்காடு வரை தண்ணீர் குடிக்கும். ஆனால் உறையும் நிலையிலுள்ள நீரில் அது நிதானமாகத்தான் உள்ளே போகும். ஏரிக்குப் போய் நனைத்துக்கொள்ளலாம் என்று இருப்பதைவிட, முந்தைய இரவே ரீலில் சுற்றிய நரம்பை அறை வெப்பநிலை நீரில் ஊறவைப்பது மேல். காலையில் வெளிப்புற ஈரத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துளையருகே பனியாகப் படிவது அந்த மேல் ஈரம்தான். ஊறிய நைலானின் வலிமையில் பத்தில் ஒரு பங்கு குறையக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரலாறு சுருக்கமாக. டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் நைலானை உருவாக்கினார், 1938இல் நிறுவனம் அதை அறிவித்தது. அதற்கு முன் ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் முனை நரம்புக்குப் பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்த இழையைப் பயன்படுத்தினார்கள். முடிச்சுப் போடும் முன் அதை ஊறவைத்தே ஆக வேண்டும், உலர்ந்தால் ஒடியும். பட்டும் அமைடுச் சங்கிலிதான்.

நைலானுக்கு மாற்றாக விற்கப்படுபவை இரண்டு. ஃப்ளூரோகார்பன் எனப்படும் நரம்பை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் கொண்டுவந்தது. அது தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. அதன் கண்ணாடி நிலை எல்லை மைனஸ் 35 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பனி ஏரிக்கே பிறந்த பொருள் போலத் தெரியும். ஆனால் அதில் படிகப் பகுதி அதிகம் என்பதால், அதே தடிமனில் கைக்கு நைலானைவிட முரடாகத்தான் இருக்கும். தண்ணீரில் மறைந்துவிடும் என்ற விளம்பரமும் மிகை. அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33. ஏறத்தாழ 1.53 உள்ள நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். துளையின் கூரான பனி விளிம்பில் உரசினாலும் எளிதில் சிதையாது என்பதே அதன் உண்மையான பலம்.

இரண்டாவது, பாலித்தீன் இழைகளைப் பின்னிய நரம்பு. பாலித்தீனின் எல்லை பூஜ்ஜியத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் அப்பால் என்பதால் எந்த ஏரிக் குளிரும் அந்த இழையை விறைக்கச் செய்யாது. ஆனால் பின்னலின் இடுக்குகளில் தண்ணீர் ஏறி நிற்கும். வெளியே வந்ததும் அது உறைந்து, நரம்பைக் கம்பியாக்கி, கோலின் வளையங்களை அடைத்துவிடும். சூடேற்றிய குடிசைக்குள் உட்கார்ந்து பிடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிம்கோவின் அதிகபட்ச ஆழம் 41 மீட்டர். அப்படி ஆழத்தில் ஏரி ட்ரவுட் தேடும்போது நைலான் நீண்டு கொடுத்து மீனின் கவ்வலை மங்கச் செய்யும். பின்னல் நரம்பு மிகக் குறைவாகவே நீளும்.

பொருளைவிடப் பெரிய விஷயம் தடிமன். உருண்டையான இழையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, வலிமையோ இரண்டாம் அடுக்கில்தான் ஏறுகிறது. 0.30 மில்லிமீட்டர் நரம்பை விட்டு 0.15க்கு இறங்கினால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரீலில் சுருளும்போது மெல்லிய நரம்பின் மேற்பரப்பு குறைவாகவே இழுபடும், அதனால் சுருள் வடிவமும் அதில் குறைவாகவே பதியும். பெர்ச் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் இருக்கும் மீன், அதற்கு 0.15 நரம்பே தாங்கும்.

வெட்டவெளியில் பெர்ச் பிடிப்பவர் புதிதாகச் சுற்றிய மெல்லிய நைலானை ஊறவைத்து எடுத்துப் போகலாம். குடிசைக்குள் ஆழம் தேடுபவர் பின்னல் நரம்பின் நுனியில் இரண்டு முழம் ஃப்ளூரோகார்பன் கட்டிக்கொள்ளலாம். முடிச்சுகளை வீட்டிலேயே எச்சில் தொட்டு இறுக்குவது நல்லது, உலர்ந்து உரசும் சூடு நரம்பைப் பழுதாக்கும். 'ஐஸ் லைன்' சுருள்கள் சிலவற்றில் மென்மை கூட்டும் சேர்மங்களோ தண்ணீர் ஒட்டாத பூச்சோ உண்டு. அவை பயன் தருபவைதான். ஆனால் தடித்த நரம்பு பூச்சால் மெல்லியதாகிவிடாது. வாங்கும் முன் அட்டையில் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அந்த எண் இல்லாத சுருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கக் காரணமே இல்லை.