வேன் பேட்டரியைக் கவனிப்போம்

மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் மலைச்சாலை 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. வழியில் சார்ச்சு என்ற இடம் இருக்கிறது. அதன் உயரம் சுமார் 4,300 மீட்டர். செப்டம்பர் மாத இரவிலேயே அங்கே தண்ணீர் உறைந்துபோகும்.

படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்கள் இந்தச் சாலையில் போகின்றன. பயணிகள் இரவில் வேனிலேயே படுப்பார்கள். விளக்கு எரியும். செல்போனுக்குச் சார்ஜ் ஏறும். காலையில் டிரைவர் சாவியைத் திருப்புவார். "டக்" என்று சத்தம் மட்டும் வரும். என்ஜின் ஓடாது. அந்த உயரத்தில் சிலருக்கு மூச்சுத் திணறும். அவர்களை உடனே கீழே இறக்க வேண்டும். வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது?

பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கும். ஓர் அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12 வோல்ட். குளிரில் பேட்டரியின் பலம் குறையும். என்ஜின் ஆயிலும் கெட்டியாகும். அதைச் சுழற்ற அதிக பலம் வேண்டும். பலம் குறைந்த நேரத்தில்தான் வேலை கூடுகிறது!

என்ஜின் பேட்டரி வண்டியைக் கிளப்புவதற்கு. இரவு விளக்குக்கும் விசிறிக்கும் தனி பேட்டரி வைப்பதே நல்லது. செலவுதான். ஆனால் நடுமலையில் நிற்பதைவிட மேல்.

மூடி திறக்கும் பேட்டரியில் தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும். அது தகட்டைக் கெடுக்கும். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியை, மூடிகளை மூடிவிட்டு, ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவலாம். துடைத்து வாசலின் தடவ வேண்டும். ஒயரைக் கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது அது கடைசி. பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

கிளம்பும் முன் கடையில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். இரவு முழுதும் ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை என்று பொருள்.

வண்டியில் தடித்த ஜம்பர் கேபிள் இருக்கட்டும். உதவும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பல லாரிகளில் 24 வோல்ட் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது. சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்ட வேண்டும். மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்புக் கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் கடைசி முனை நின்றுபோன வண்டியின் என்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. பேட்டரி உறைந்து உப்பியிருந்தால் இதைச் செய்யவே கூடாது. அது வெடிக்கலாம்.

என்ஜின் ஓடும்போது மீட்டர் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். 12லேயே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. அப்போது புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் இறங்கிப்போகும்.