மேகத்துக்கு மேலே ஒரு படுக்கை அறை

“வகுப்பு” என்ற சொல்லைக் கேட்டதும், உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்குக் கரும்பலகையும் ஆஜர்ப் புத்தகமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆகாய விமானத்திலும் வகுப்புகள் உண்டு. ஆனால் அங்கே முன்வரிசையில் உட்காருகிறவர்களைப் படிப்பில் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல முடியாது; பணப்பையில் கெட்டிக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் தூங்குகிற பையனைப் பெஞ்சியின் மேல் ஏற்றுவோம். விமானத்திலோ தூங்குவதற்கென்றே பன்மடங்கு கட்டணம் கொடுத்து ஏறுகிறார்கள்!

இந்த ஆகாயத் தூக்கத்தை ஜப்பானியர் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணாக்கர் ஒருவருடைய அன்புக்குக் கட்டுப்பட்டு, அந்நகரின் ஹனேதா விமான நிலையத்திலிருந்து லண்டன் வரையில் “பிஸினஸ் கிளாஸ்” என்னும் அந்த வகுப்பில் பிரயாணம் செய்யும் பாக்கியம் நமக்கும் ஒரு முறை கிட்டியது. நேரில் கண்டவற்றையும் படித்து அறிந்தவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஜப்பானில் பெரிய விமானக் கம்பெனிகள் இரண்டு. முதலாவது ஜப்பான் ஏர்லைன்ஸ். 1951-ம் வருஷத்தில் பிறந்த இக்கம்பெனியின் முதல் வெளிநாட்டு விமானம் 1954 பிப்ரவரி 2-ந் தேதி டோக்கியோவிலிருந்து கிளம்பியது. வேக் தீவிலும் ஹானலூலுவிலும் இறங்கி இளைப்பாறிய பிறகே அது ஸான்பிரான்ஸிஸ்கோ போய்ச் சேர்ந்தது. இரண்டாவது ஆல் நிப்பான் ஏர்வேஸ். 1952-ல் ஹெலிகாப்டர்களை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கிய ஸ்தாபனம் அது. அந்தப் பழைய பெயரின் ஞாபகமாக, “என். எச்.” என்ற எழுத்துக்களையே அதன் விமானங்கள் இன்றும் அடையாளமாகத் தாங்கி வருகின்றன. 2019 அக்டோபரில் டோக்கியோவின் நரிடாவுக்கும் நமது சென்னைக்கும் இடையே நேரடி விமானம் விட்டதும் இந்தக் கம்பெனிதான். மறு வருஷம் உலகை வாட்டிய கொள்ளை நோய் அந்தப் போக்குவரத்தை நிறுத்திவிட்டது.

நாம் ஏறியது இவ்விரண்டாவது கம்பெனியின் போயிங் 777 விமானம். 2019 ஆகஸ்டில் லண்டன் மார்க்கத்தில் முதன்முதலாக வந்த புது மாதிரி அது. அதிலுள்ள ஆசனங்கள் மொத்தம் 212. அவற்றில் 64 பிஸினஸ் கிளாஸைச் சேர்ந்தவை. சாதாரண வகுப்பில் இருப்பவை 116. நடுவகுப்பின் இந்த ஆசனத்துக்குக் கம்பெனியார் வைத்திருக்கும் பெயரே “அறை” என்பதுதான். டோக்கியோவின் புதிய தேசிய விளையாட்டு மைதானத்தை அமைத்த கெங்கோ குமா என்ற கட்டடக் கலைஞர் இதன் அமைப்பிலும் பங்கு கொண்டார். நம் வீட்டு ஊஞ்சற்பலகையை நினைவூட்டும் அகலமான ஆசனம்; பொத்தானை அழுத்தினால் படுக்கையாக நீள்கிறது. பக்கத்தில் இழுத்துச் சாத்தக் கதவும் உண்டு. ஒரு வரிசை முன்னோக்கியும் அடுத்த வரிசை பின்னோக்கியும் இருப்பதால், சிலர் லண்டனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே லண்டன் போகிறார்கள்!

தண்ணீர் இல்லாத மேல்நாட்டுக் கழிப்பறைகளைக் கண்டு கலங்கும் நம்மவர்களுக்கு ஒரு நற்செய்தி: வெதுவெதுப்பான நீரைப் பீச்சும் சாதனத்தை ஜப்பானியர் விமானத்திலும் பொருத்தியிருக்கிறார்கள்.

உட்கார்ந்ததும், ஆவி பறக்கும் சிறு துண்டு ஒன்றைச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். “ஓஷிபோரி” என்று அதற்குப் பெயர். பிறகு போஜனம். சிறு சிறு கிண்ணங்களில், ஒன்றின் நிறம் மற்றொன்றோடு மோதாதபடி பதார்த்தங்களை அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். இதில் ஒரு ரகசியம் உண்டு. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். காற்றழுத்தமும் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதுபோல் குறைந்திருக்கும். அந்த நிலையில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத் தோன்றும். ஆனால் 1908-ல் கிக்குனாயே இகேதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றில் கண்டறிந்து “உமாமி” என்று பெயரிட்ட ருசி அவ்வளவாக மங்குவதில்லை. ஜப்பானியச் சமையலின் உயிர்நாடியே அந்த ருசிதான்.

அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரி வருவதற்கு முன்பே கொதித்துவிடும். ஆகையால் ஜப்பான் ஏர்லைன்ஸ்காரர்கள், சுமார் 85 டிகிரி வெந்நீரிலேயே பதமாகும் “உதோன்” என்ற தடித்த சேமியாவைத் தனியாகத் தயாரிக்கச் செய்தார்கள். நடுநிசியில் பசிக்கும் பிரயாணிக்காக ஒரு கம்பெனி தண்ணீரின் கொதிநிலை வரையில் யோசித்திருக்கிறது! ஆனால் சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் காய்கறிக் குழம்பிலும் உலர்ந்த மீனின் சாறு கலந்திருப்பது அந்நாட்டு வழக்கம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இந்திய சைவ உணவு தனியாக வருகிறது.

லண்டன் போய்ச் சேரச் சுமார் பதினான்கு மணி நேரம் ஆகிறது. முன்பு ஸைபீரியாவைக் கடந்து பன்னிரண்டு மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டபின் அந்த ஆகாய வழி அடைபட்டது. இப்போது வடக்கே அலாஸ்காவையும் கிரீன்லாந்தையும் ஒட்டிப் பறக்கிறார்கள். 1961-ல் ஐரோப்பாவுக்குப் போகும் ஜப்பானிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போன பழைய வடதுருவ மார்க்கத்தை இது நினைவூட்டுகிறது. மனிதர் சண்டையிட்டால் ஆகாயமும் சுற்றுவழியாகிவிடுகிறது!

இவ்வளவையும் படிக்கும் நேயர்கள், “பணக்காரர்களின் சுகபோகத்தைப் பற்றி நமக்கென்ன?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்தக் கட்டணம் ஓர் உபாத்தியாயரின் பல மாதச் சம்பளம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோது, பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் நினைவு நமக்கும் வராமல் இல்லை. ஆனால் இந்த உபசாரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது படுக்கையிலும் கிண்ணத்திலும் இல்லை.

1985 ஆகஸ்டு 12-ந் தேதி, டோக்கியோவிலிருந்து ஓஸாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதியது. அதில் இருந்த 524 பேரில் 520 பேர் மாண்டனர். அந்த விமானத்தின் வால் 1978-ல் ஒரு முறை தரையில் உராய்ந்திருந்தது. அப்போது போயிங் கம்பெனியார் அதைப் பழுது பார்த்தனர். பின்புறத்து அழுத்தத் தடுப்பில் இரண்டு வரிசை ஆணிகள் தாங்க வேண்டிய பளுவை ஒரே வரிசை தாங்கும்படி விட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் பொறுத்து அது கிழிந்தது. ஒரு வரிசை ஆணிக்கு 520 உயிர் விலை.

அந்தத் துயரத்தை ஜப்பான் ஏர்லைன்ஸ் மறைத்து வைக்கவில்லை. 2006-ல் ஹனேதாவில் ஒரு நிலையம் ஏற்படுத்தி, உடைந்த பாகங்களையும், பிரயாணிகள் கடைசி நிமிஷங்களில் குடும்பத்தாருக்கு எழுதிய குறிப்புக்களையும் அங்கே வைத்தார்கள். கம்பெனியின் சிப்பந்திகள் அங்கே சென்று பார்த்துப் பாடம் கற்கிறார்கள்.

அந்தப் பாடத்துக்குப் பரீட்சை 2024 ஜனவரி 2-ந் தேதி வந்தது. ஸப்போரோவிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஹனேதாவில் இறங்கும்போது, கடலோரக் காவற்படையின் சிறிய விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. அச்சிறு விமானம், முதல் நாள் நோட்டோவில் நிகழ்ந்த பூகம்பத்தில் அவதியுற்றோருக்கு உதவிப் பொருள்களைக் கொண்டுபோக இருந்தது. அதில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்திலோ 379 பேர். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. எட்டு வாசல்களில் மூன்றே பயன்பட்டன. பணிப்பெண்கள் கைக்குழலாலும் தங்கள் குரலாலும் வழி காட்டினார்கள். பிரயாணிகள் மூட்டை முடிச்சுக்களை விட்டுவிட்டுச் சறுக்கி இறங்கினார்கள். கேப்டன் எல்லோருக்கும் கடைசியாக, சுமார் பதினெட்டு நிமிஷத்துக்குப் பின் வெளியே வந்தார். 379 பேரும் பிழைத்தனர்.

அன்று அந்தச் சறுக்கு வழியில் முதல் வகுப்பும் இல்லை, கடைசி வகுப்பும் இல்லை. சுடுதுண்டைச் சரியான சூட்டில் கொடுக்கிற அதே கவனம்தான் எரிகிற விமானத்தின் வாசலில் நின்று ஆட்களை இறக்கியது என்று நமக்குத் தோன்றுகிறது. சிறு காரியத்தில் அலட்சியம் பழகியவர்களுக்குப் பெரிய காரியத்தில் நிதானம் திடீரென்று வந்துவிடாது.

அகலமான படுக்கையையும் சாத்திக்கொள்ளக் கதவையும் பணம் கொடுத்தவருக்கே தருவார்கள். ஆனால் ஆணியைச் சரியாக அடிப்பதும், வாசலைச் சரியாகத் திறப்பதும் கடைசி வரிசைக் குழந்தைக்கும் சேர்த்துத்தான். நம் குழந்தைகள் அந்தப் படுக்கையில் படுக்கும் நாள் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் எந்த வேலையைச் செய்தாலும் இரண்டாவது வரிசை ஆணியையும் அடித்துவிட்டு எழுந்திருக்கும் பழக்கத்தை இன்றே அவர்களுக்குக் கற்பிக்கலாம். அதற்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.