டர்போ வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வாலிபப் பிள்ளைகள் உள்ள நம் சங்கத்து வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினில் டர்போ என்னும் கருவியைப் பொருத்திப் பந்தயத் திடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பணத்தைக் கரியாக்கும் பைத்தியம் என்பது பெற்றோரின் தீர்ப்பு. இரு தரப்பாரும் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அக்கணக்கை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டர்போ என்பது யாது?

இக்கருவி நம் எல்லைப்புற மக்களுக்குப் புதியதன்று. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் பாதை 1979இல் திறக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் டீசல் எஞ்சின்களே நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து வண்டிகளை இழுத்துச் சென்றன. நம் ரயில்வேயில் 1962 முதல் உழைத்த டபிள்யு.டி.எம்.2 என்னும் வகை எஞ்சினுக்குப் பதினாறு சிலிண்டர்கள். 2,600 குதிரைத் திறன். அத்திறனைப் பெறுவதற்கு டர்போவே துணை நின்றது.

எஞ்சினின் வலிமை அதனுள் எரியும் எண்ணெயைப் பொறுத்தது. எண்ணெய் எரிவதோ காற்றைப் பொறுத்தது. சாதாரண எஞ்சின் தன் மூச்சுக்கு எட்டிய காற்றையே இழுத்துக்கொள்ளும். டர்போவோ, வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறு முனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகிறது. சிறிய கார்களில் அந்த அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். காற்று விலையில்லாப் பொருள்தான். அதை அமுக்குவதற்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆல்ஃபிரெட் பூகி என்னும் சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் இதற்கு 1905இல் காப்புரிமை பெற்றார். டீசல் எஞ்சினில் அது வெற்றிகரமாக இயங்க 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. பிரான்சு நாட்டு ரெனோ கம்பெனி 1977இல் டர்போ காரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறக்கியபோது, அது அடிக்கடி புகை கக்கி நின்றது. முதல் வெற்றி 1979இல்தான் கிட்டியது. பெருங் கம்பெனிகளுக்கே இவ்வளவு பொறுமை தேவைப்பட்டதென்றால், ஒரு தீபாவளிக்கும் அடுத்த பொங்கலுக்கும் இடையில் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணலாகாது.

சிக்கனத்துக்கு ஒரு தமிழர் காட்டிய வழி

குறைந்த செலவில் பந்தயக் கார் செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் கோயம்புத்தூர் கரிவரதனை நினைவு கூர்தல் நலம். அவர் 1980களில் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒருவர் அமரும் பந்தய வண்டியை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வண்டிகள், செல்வர்களின் விளையாட்டை நடுத்தரக் குடும்பத்துக்குச் சற்று அருகே கொண்டு வந்தன. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது இத்தகைய வண்டியிலேதான். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி எழுந்தது.

கரிவரதன் மலிவான பொருளைத் தேடினார். ஆனால் மலிவான வேலையைச் செய்யவில்லை. நம் பிள்ளைகள் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இதுவே.

எஞ்சினின் கணக்கு

மாருதி 800 எஞ்சினையே உதாரணமாகக் கொள்வோம். அது 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 37 குதிரைத் திறன். வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவைக் கூடுதலாக ஏற்றினால், காகிதக் கணக்கில் திறன் ஒன்றரை மடங்காகி 55ஐ எட்டும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. காரணம் உஷ்ணம்.

காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எவரும் அறிவர். 30 டிகிரி வெப்பமுள்ள காற்று மேற்சொன்ன அளவு அமுக்கப்பட்டால், சாதாரண டர்போவில் ஏறத்தாழ 85 டிகிரியாகிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அன்றியும், பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கக் காரணமாகும். இதனைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை வைத்தல் ஒன்று. எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைத்தல் மற்றொன்று. பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக ஊட்டுதல் மூன்றாவது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ முழு வேகத்தில் இயங்கும்போதோ 12 பங்குக்கு அருகில் வைப்பதே பாதுகாப்பு. பழைய இன்ஜெக்டர்களால் அவ்வளவு பெட்ரோலை ஊட்ட இயலாவிடில், டர்போ வாங்கிய பணம் முழுவதும் உருகிய பிஸ்டனாகவே திரும்பி வரும்.

இவையனைத்தையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதைப் புதிதாகப் பொருத்துவதைவிட, தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வந்த எஞ்சினைப் பழைய விலைக்கு வாங்குவது பல சமயங்களில் சிக்கனமாகும். அதற்குரிய பிஸ்டனும் எண்ணெய்க் குழாயும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கூடவே வந்துவிடுகின்றன.

பத்து ரூபாயைப் பங்கிடும் விதம்

கையிலுள்ள தொகை எதுவாயினும் அதைப் பத்து பங்காக வைத்துக்கொள்க. மூன்று பங்கு எஞ்சினைப் பிரித்து, போர் அளந்து, ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைப் புதுப்பிக்க. இரண்டு பங்கு டர்போவுக்கும், குழாய்களுக்கும், இன்டர்கூலருக்கும். ஒரு பங்கு பெட்ரோல் ஊட்டும் கருவிகளுக்கும் அவற்றைச் சீரமைக்கும் கூலிக்கும். இரண்டு பங்கு பிரேக், டயர், ரேடியேட்டர், கிளட்ச் ஆகியவற்றுக்கு. ஒரு பங்கு இரும்புக் குழாய்க் கூண்டு, இருக்கைப் பட்டை, தலைக்கவசம் ஆகியவற்றுக்கு. கடைசிப் பங்கைத் தொடாமல் வைக்க; முதல் பழுது வரும் நாளில் அதன் அருமை தெரியும். பணம் போதாவிடில் டர்போவைத் தள்ளிப் போடலாம். பிரேக்கையும் தலைக்கவசத்தையும் ஒருபோதும் தள்ளிப் போடலாகாது.

பழைய டர்போவை வாங்குவோர் அதன் அச்சைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் உறையில் உரசினாலும், இதழ்கள் சிதைந்திருந்தாலும், உள்ளே எண்ணெய் கரியாகப் படிந்திருந்தாலும் விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பி வந்துவிடுக.

பொருள் வாங்குமுன் பந்தய விதிகளை வாங்கிப் படிப்பது அதனினும் முக்கியம். சர்வதேச விதிகளில் டர்போ பெட்ரோல் எஞ்சினின் கன அளவை 1.7ஆல் பெருக்கிக் கணக்கிடும் வழக்கம் உண்டு. அதன்படி 796 என்பது 1,353 ஆகிவிடும்! சிறிய கார்களோடு போட்டியிட எண்ணியவர் பெரிய கார்களுக்கு நடுவே நிற்க நேரிடும்.

சட்டமும் பெற்றோரும்

பந்தயம் திடலுக்கு உரியது. களியக்காவிளை நெடுஞ்சாலைக்கு உரியதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதைக் குற்றமாக்குகிறது. 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். ஆதலால் இவ்வாறு அமைத்த காரைச் செட்டிபாளையத்துக்கோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கோ லாரியில் ஏற்றித்தான் கொண்டு செல்ல வேண்டும். அந்த லாரி வாடகையையும் கணக்கில் முதலிலேயே எழுதிக்கொள்க.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ஆசையை ஏளனம் செய்து துரத்தினால், அவன் இரவு நேரத்தில் பொதுச் சாலையைத் திடலாக்கிக்கொள்ளக் கூடும். அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, மேற்கண்ட பத்துப் பங்கையும் விலை விசாரித்து எழுதி வரச் சொல்லுங்கள். எழுத மனமில்லாதவனின் ஆசை தானே அடங்கிவிடும். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, லேத் பட்டறையில் நின்று கேட்டு, கணக்கை நேர்மையாக முடித்து வருபவன், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒரு தொழிலின் வாசலுக்கு வந்துவிட்டான். அவனுக்கு வேண்டியது தடையன்று, துணை.