வானத்தின் மேல் பழி போடும் முன்

2025 பிப்ரவரியில் '2024 ஒய்ஆர்4' என்ற விண்கல் ஊரெல்லாம் பேச்சானது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியதாக நாசா கணித்தது. விழக்கூடிய பட்டைக்குள் தெற்காசியாவும் இருந்ததால் வாட்ஸ்அப்பில் பீதிக்குப் பஞ்சமில்லை. சில நாட்களிலேயே அந்த எண் சுழியத்தை ஒட்டி இறங்கியது. அந்தச் செய்தியைத்தான் யாரும் பகிரவில்லை.

எண் ஏறியது கல் நெருங்கியதால் அல்ல. ஏறக்குறைய 60 மீட்டர் அகலமுள்ள இது சூரியனைச் சுற்றிவர நான்கு ஆண்டுகள் ஆகும். 2024 டிசம்பர் 25 அன்று நம்மைக் கடந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பாதையின் சிறு துண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 2032இல் அது இருக்கக்கூடிய இடம் நீண்ட பட்டையாக விரியும். கூடுதல் அவதானிப்புகளால் பட்டை சுருங்கும்போது, பூமி அதற்குள் இருக்கும்வரை சதவீதம் கூடும்; பூமி பட்டைக்கு வெளியே போனதும் சடாரென விழும். ஆகவே ஏறுகிற எண்ணைப் பார்த்து வீட்டை விற்க வேண்டாம்.

2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் சுமார் 20 மீட்டர் கல் வெடித்தது. காயம்பட்ட ஏறத்தாழ 1,500 பேரில் பலரைக் கிழித்தது ஜன்னல் கண்ணாடி. வெளிச்சத்தைப் பார்க்க ஓடினார்கள். அதிர்வலை பிறகு வந்தது. வானில் பெரும் மின்னொளி கண்டால் ஜன்னலை விட்டு விலகுங்கள்.

நமக்கு இன்னும் முக்கியமானது 2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்று அறிவித்த தமிழக அரசு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ இது தரையில் நடந்த வெடிப்பைப் போல இருக்கிறது என்றார்கள். விண்கல் என்று முடித்துவிட்டால் வழக்குப் போட ஆளில்லை. தரையில் வெடித்தது என்றால், வெடித்தது யாருடையது என்று கேட்டாக வேண்டும்.

வடசென்னையில் அந்தக் கேள்விதான் உயிர்க் கேள்வி. பெய்ரூட்டில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பின், 2020 ஆகஸ்டில், மணலியிலும் அது ஏறக்குறைய 700 டன் கிடந்தது பலருக்கும் தெரியவந்து, பிறகு அது ஹைதராபாத்துக்குப் போனது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள்.

அபாயகரமான தொழில் நடத்துபவர் 'கடவுள் செயல்' என்று சொல்லித் தப்ப முடியாது. 1986இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாடு அது. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, ஆலையின் தவறை நிரூபிக்காமலே மாவட்ட ஆட்சியரிடம் உடனடி நிவாரணம் கோரலாம். பெரிய இழப்பீட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் கெடு ஐந்து ஆண்டுகள். மருத்துவமனைச் சீட்டு, தேதியுள்ள படம், காவல் நிலைய ரசீது ஆகியவற்றை அன்றே பத்திரப்படுத்துங்கள். விபத்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: பக்கத்து ஆலையில் என்ன அபாயம், நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்வது 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளின்படி கட்டாயம். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரமே கெடு.

மனிதர் விண்ணுக்கு அனுப்பியது விழுந்தால் சட்டம் வேறு. வெளிநாட்டு விண்கலத்தின் துண்டு சேதம் செய்தால், 1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி ஏவிய நாடு முழுப் பொறுப்பு. ஆனால் கேட்பது நம் அரசாங்கம், அதுவும் ஓராண்டுக்குள். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டின் பாகம் காசிமேட்டுப் படகைச் சேதப்படுத்தினால் அந்த உடன்படிக்கை பொருந்தாது. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அதில் இடமில்லை. இங்குள்ள அரசிடமும் நீதிமன்றத்திலும்தான் கேட்க வேண்டும். ஏவும் நாளில் வரும் எச்சரிக்கையை அதனால்தான் மீறக் கூடாது. வலையில் உலோகப் பாகம் சிக்கினால் கை வைக்காமல் கடலோரக் காவல் படைக்கோ காவல் துறைக்கோ சொல்லுங்கள். எரிபொருள் மிச்சம் நஞ்சாக இருக்கலாம். விண்கல் போன்ற துண்டு கிடைத்தால் அதைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு உண்டு.