வேலை ஸ்தலத்தில் ஹிம்சை

பழனி மலையடிவாரக் கிராமங்களில் விடியுமுன் எழுந்து ரஸ்தாவோரம் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மில் வேன் வந்து நிற்கிறது. தூக்குச் சட்டியுடன் பெண்கள் ஏறுகிறார்கள். வேன் திண்டுக்கல் பக்கம் போய்விடுகிறது. அதன்பின் இருட்டும் வரையில் அப்பெண்கள் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறார்கள், அவர்களை அதட்டுகிறவன் யார், அவன் அதட்டலுக்கு எல்லை எது என்று ஊரில் ஒருவரும் விசாரிப்பதில்லை. தேச சேவை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் நாமும் விசாரிப்பதில்லை. கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டு, அதைப் பற்றி ஒரு பொதுக் கூட்டம் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

2021-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இதே ஜில்லாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண் ஒருத்தி கொலையுண்டு கிடந்தாள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவன் கைதானான். அவன் பல மாதங்களாக அவளைத் தொந்தரவு செய்து வந்தானென்று வீட்டாரும் உடன் வேலை செய்தோரும் பின்னர் கூறினர். 'பின்னர்' என்ற இச்சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். இத்தனை பேர் அறிந்திருந்த ஒரு விஷயம், உயிர் இருந்தபோது ஏன் வெளிவரவில்லை? சொன்னால் வேலை போகும். வேலை போகாவிட்டாலும் மானம் போகும். அதுவும் போகாவிட்டால் வீட்டில் நாளை முதல் வெளியே அனுப்பமாட்டார்கள். இம்மூன்று பூட்டுக்களுக்கு உள்ளேதான் இத்தகைய அக்கிரமம் வளருகிறது.

ஹிம்சை கத்தியுடன் ஆரம்பமாவதில்லை. பீஸ் கணக்குக் குறைந்ததென்று தாயைப் பழித்துத் திட்டுவதில் ஆரம்பமாகிறது. ஒருத்தியை மட்டும் ஷிப்டு முடிந்த பிறகும் நிறுத்தி வைப்பதில், போன் நம்பர் கேட்பதில், கேட்டுக் கிடைக்காதபோது கடினமான வேலைக்கு மாற்றுவதில் வளருகிறது. கலகலவென்று பேசின பெண் வாய் மூடிப்போவதும், லைன் மாற்றிக் கொடுங்களென்று காரணம் சொல்லாமல் கெஞ்சுவதும், சம்பளத்தைக்கூட வாங்காமல் நின்றுவிடுவதும் மானேஜர் கண்ணில் படாத சங்கதிகளல்ல. அவர் அவற்றை 'ஆப்சென்ட்' என்று எழுதிக் கொள்கிறார், அவ்வளவுதான். 2019-ல் ஜினீவாவில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை, ஒரே தடவை நிகழ்ந்தாலும் ஹிம்சை ஹிம்சையே என்றும், மிரட்டலும் அதில் அடங்கும் என்றும், வேலைக்குப் போய் வரும் வழியையும் சேர்க்க வேண்டுமென்றும் வகுத்திருக்கிறது. இது சரியான இலக்கணம் என்பது நமது அபிப்பிராயம்.

நமது தேசத்தில் சட்டமில்லையா? இருக்கிறது. ராஜஸ்தானத்தில் குழந்தை விவாகத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற ஊழியை 1992-ல் அடைந்த கொடுமையிலிருந்து பிறந்தது விசாகா வழக்கு. 1997-ல் சுப்ரீம் கோர்ட் விதிகள் வகுத்தது. பார்லிமெண்டு சட்டமியற்ற மேலும் 16 வருஷங்களாயின. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெண்மணியின் தலைமையில் கமிட்டி இருக்கவேண்டும். பாதி அங்கத்தினர் பெண்களாகவும், ஒருவர் வெளியாராகவும் இருக்கவேண்டும். முதலாளி ஏற்பாடு செய்த வேனும் சட்டப்படி வேலை ஸ்தலமே. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம்; தகுந்த காரணமிருந்தால் இன்னும் மூன்று மாதம். எழுதத் தெரியாதவளுக்கு எழுதிக் கொடுப்பது கமிட்டியின் கடமை. பொய்ப் புகார் பெருகுமென்று அஞ்சும் முதலாளிகளுக்கும் சட்டத்தில் பரிகாரம் உண்டு; ஆனால் ருசுப்பிக்க முடியாமற் போனதையே பொய் என்று கொள்ளக் கூடாதென்றும் அதே பிரிவு சொல்லுகிறது. இரண்டாவது வாக்கியத்தை அவர்கள் படிப்பதில்லை.

சட்டம் காகிதத்திலிருந்து இறங்கும் விதத்துக்கு ஓர் உதாரணம். மலைமேல் ஒரு ஹோட்டல் முதலாளியிடம் நாம் இதைப் பற்றிப் பேசினோம். "எங்களிடம் கமிட்டி இருக்கிறதே" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் மூன்றாவது பெயருக்குரிய அம்மாள் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தார். தாம் அங்கத்தினர் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது!

கோடைக்கானலின் சங்கடம் வேறொன்று. இங்கே பெரிய ஆலைகளில்லை. சிறு விடுதிகள், கடைகள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்கள், வீட்டு வேலை. எத்தனையோ இடங்களில் பத்துப் பேர் இல்லை. அவர்களுக்கென்று ஜில்லாவுக்கு ஓர் உள்ளூர்க் கமிட்டி அமைக்கச் சட்டம் சொல்லுகிறது. ஜில்லாத் தலைநகரமோ மலையிறங்கிப் பல மணி நேரப் பிரயாணம். ஒருநாள் கூலியும் பஸ் சார்ஜும் செலவழித்து எந்தப் பெண் போவாள்? அதற்காகவே ஒவ்வொரு தாலூகாவிலும் ஒரு பொறுப்பு அதிகாரி புகாரை வாங்கி ஏழு நாளில் கமிட்டிக்கு அனுப்ப வேண்டுமென்று ஏற்பாடு. அந்த அதிகாரி யாரென்று பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். தவிரவும், ஆண் தொழிலாளி அடிபட்டால் இச்சட்டம் அவனுக்கில்லை. விடுதிச் சமையலறையில் அறை வாங்கும் பையன் போலீஸுக்குப் போக வேண்டியதுதான். அவன் போவதில்லை.

தொழிலாளியின் வாய் அடைபட்டிருந்தால் நியாயம் எவ்வளவு தாமதிக்கும் என்பதை இம்மலை அறியும். பாதரசத் தர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குக் கம்பெனியுடன் சமரசம் ஏற்பட்டது 2016-ல்.

ஆனால் அடிவாரத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. மேற்கூறிய கொலைக்குப் பின் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் கிளர்ச்சி செய்து, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியுடன் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்துகொண்டது. எச் அண்ட் எம், காப் போன்ற அந்நிய வியாபாரிகளும் தனியே கையெழுத்திட்டார்கள். சுமார் இருபத்தைந்து தொழிலாளிகளுக்கு ஒருவர் வீதம், சங்கம் பயிற்சி கொடுத்த காவலர்கள் தொழிலாளிகளுக்குள்ளிருந்தே ஏற்பட்டார்கள். கொலை வரையில் போகக் காத்திராமல், திட்டு விழுந்த அன்றே எடுத்துச் சொல்வது இவர்கள் வேலை. ஒப்பந்தம் மீறப்பட்டால் வாங்குவோர் தங்கள் வியாபாரத்தையே ஆயுதமாக்க வேண்டும். முதல் வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்து, பெரும்பாலானவை தீர்ந்தன. முறையீடு அதிகமாவது கெட்ட குறியென்று நினைப்பவர் உண்டு; நாம் அப்படி நினைக்கவில்லை. மேலே சொன்ன பூட்டுக்களில் ஒன்று திறந்ததற்கு அது அடையாளம்.

கலெக்டர் திங்கட்கிழமைகளில் மனு வாங்குகிறார். கோடைக்கானல், பழனி தாலூகாக்களின் பொறுப்பு அதிகாரிகள் யார், உள்ளூர்க் கமிட்டி சென்ற வருஷம் எத்தனை முறை கூடிற்று, அதன் வருஷ அறிக்கை எங்கே என்று கேட்க அரைத் தாள் காகிதம் போதும். நமது நண்பர்கள் இவ்வாரமே எழுதட்டும். பதில் வந்தால் இப்பக்கத்தில் வெளியிடுவோம். வராவிட்டால் வரவில்லையென்பதையும் வெளியிடுவோம்.