காலரில் குத்திய யுத்தம்

போர்முனைக்கே போகாதவர்கள் அணிந்த குட்டி பேட்ஜ்கள் பழைய பெட்டிகளில் தூங்குகின்றன. அவற்றை அடையாளம் காண்பது ஒரு கலை. காப்பாற்றுவது ஒரு கடமை.

மைசூரில் இரட்டைத் தலைப் பறவையிடமிருந்து தப்ப முடியாது. அரண்மனை அலங்காரத்தில், கர்நாடக அரசின் காகிதத்தில், அரசு பஸ்ஸின் முத்திரையில் என்று எங்கும் கண்டபேருண்டம்தான். அதே பறவை, பின்புறம் ஊசி வைத்த ஒரு பித்தளை வில்லையாகப் பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து வெளிப்படும்போதுதான் குழப்பம். தாத்தா பட்டாளத்தில் இருந்தாராக்கும் என்று உடனே ஒரு கதை கிளம்பிவிடும். தாத்தா ஊரைவிட்டே நகராதவராகவும் இருந்திருக்கலாம்.

யுத்தம் போர்க்களத்தில் மட்டும் நடப்பதில்லை. 1914ல் மன்னர் நாலாவது கிருஷ்ணராஜ உடையார் யுத்த நிதிக்கு 50 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரைப் பிடித்த குதிரைப் படையில் மைசூர் லான்ஸர்ஸும் இருந்தது. இரண்டாவது யுத்தத்தில் மைசூர்ப் பட்டு பாரசூட் தயாரிக்கப் போனது. 1940 டிசம்பரில் சமஸ்தானத்தின் முதலீட்டோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பிறந்தது. இப்படி ஊரில் இருந்தபடியே யுத்தத்துக்கு உழைத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் உரியவைதான் காலரில் குத்தும் பேட்ஜ்கள்.

பிரிட்டனில் இந்த வழக்கம் வளர்ந்ததற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. முதல் யுத்தத்தின்போது சாதாரண உடையில் திரிந்த இளைஞர்களுக்குப் பெண்கள் தெருவில் வெள்ளை இறகு கொடுத்தார்கள். ‘நீ கோழை’ என்று அர்த்தம். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தவனும் காயம்பட்டுத் திரும்பியவனும்கூட இந்த அவமானத்திலிருந்து தப்பவில்லை. ஆகவே தொழிலாளிகளுக்கு ‘யுத்தப் பணியில்’ என்று பொறித்த பேட்ஜ் வந்தது. 1916 செப்டம்பரில், காயத்தாலோ நோயாலோ ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வெள்ளி பேட்ஜ் வந்தது. 10 லட்சத்துக்கும் அதிகமாக வழங்கப்பட்ட இந்த வெள்ளி பேட்ஜ் ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் உண்டு. லண்டன் ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் ஆளின் பெயரும் படைப் பிரிவும் கிடைத்துவிடும்.

இந்தியர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இரண்டு யுத்தங்களிலும் கிடையாது. வெள்ளை இறகுக்கு இங்கே வேலை இல்லை. இங்கே பேட்ஜ் என்பது பொறுப்பின் அடையாளம், அல்லது நன்கொடையின் ரசீது. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீச, மதராஸ் நகரமே காலியானது. ‘விளக்கை அணை’ என்று வீதியில் அதட்டிய ஏ.ஆர்.பி. தொண்டருக்கு அதிகாரம் தந்தவற்றில் அந்த மூன்றெழுத்தும் ஒன்று.

கையில் கிடைத்தது அசல்தானா என்று பார்க்க முதலில் அதைத் திருப்ப வேண்டும். முகத்தைவிட முதுகு அதிகம் பேசும். கோட்டுப் பொத்தான் துளையில் மாட்டும் பிறை வடிவக் கொக்கி இருந்தால் பெரும்பாலும் ஆண்கள் அணிந்தது. நீள ஊசி என்றால் பெண்களுடையதாக இருக்கலாம். பெரிய வளையங்கள் இருந்தால் அது காலர் பேட்ஜே அல்ல, சீருடைத் தொப்பியில் மாட்டியது. இன்றைய பேட்ஜ்களில் இருக்கும் இரட்டை இறக்கை கிளிப்போடு ஒன்று ‘1917’ என்று சொல்லிக்கொண்டால் கடைக்காரரிடம் விடைபெறுவது உத்தமம்.

அடுத்தது கிரீடம். இரண்டு யுத்தங்களின் பேட்ஜ்களிலும் கிரீடத்தின் மேல் வளைவு பெரும்பாலும் உருண்டு எழும். நடுவில் பள்ளம் விழுந்தால் எலிசபெத் ராணி காலத்துச் சரக்காக இருக்கலாம். பிரிட்டனின் வெள்ளி ஏ.ஆர்.பி. பேட்ஜில் லண்டன் ஹால்மார்க் முத்திரையோடு ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். ‘ஏ’ என்றால் 1936, ‘பி’ என்றால் 1937.

கண்டபேருண்டத்துக்கும் சோதனை உண்டு. பறவையின் கால்களில் செங்கோலும் உருண்டையும் தலைகளில் கிரீடமும் இருந்தால் அது ரஷ்யக் கழுகு. பறவைக்கு மேலே அசோகச் சிங்கங்கள் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியது. சமஸ்தானச் சின்னத்தின் வாசகம் ‘சத்யமேவோத்தராம்யஹம்’. ‘சத்யமேவ ஜயதே’ என்று எழுதியிருந்தால் மன்னர் கால யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உலோகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டாவது யுத்தத்தின் நடுவே, 1942 ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்தது. மைசூர் சமஸ்தானத்தின் ஷிமோகா பகுதியில் ஈசூர் என்ற கிராமம் தன்னைத்தானே சுதந்திர பூமியாக அறிவித்துக்கொண்டது. அதைத் தொடர்ந்த மோதலில் அதிகாரிகள் உயிரிழந்தார்கள். 1943 மார்ச்சில் ஈசூர்க்காரர்கள் 5 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே சமஸ்தானத்தில் ஒருவர் காலரில் யுத்த பேட்ஜ், இன்னொருவர் தலையில் கதர்க் குல்லாய். 1947க்குப் பிறகு கதர்க் குல்லாய்க்கு மரியாதை. யுத்த பேட்ஜைப் பெருமையாகக் காட்ட அதிகம் பேருக்குக் காரணம் இருக்கவில்லை.

அணிந்தவர் ராஜ விசுவாசியா, சம்பளத்துக்கு வேலை பார்த்தவரா, குண்டு விழுந்தால் அண்டை வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட நினைத்தவரா? இதை எந்த ஹால்மார்க்கும் சொல்லாது. எண் இல்லாத பேட்ஜுக்கு மனிதர்களின் ஞாபகம்தான் பதிவேடு. அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. 1942ல் இருபது வயதில் இருந்தவர் நூறைத் தாண்டியிருப்பார்.

எனவே பெட்டியிலிருந்து கிடைத்ததும் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நுட்பமான முத்திரைகள் மழுங்கும். பழைய பித்தளையோடு எடைக்குப் போடவும் கூடாது. யாருடையது, எந்த ஊர், என்ன வேலை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வைத்தாலே போதும்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று, கொடி நாளில், பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் காகிதக் கொடி குத்திக்கொள்கிறார்கள். இதுவும் அதே வம்சம்தான். மறுநாளே குப்பைக்குப் போகும் அந்தக் கொடியை யாராவது ஒருவர் தேதி எழுதி எடுத்துவைத்தால், நூறு ஆண்டு கழித்து வரும் சேகரிப்பாளர் அவரை வாழ்த்துவார்.